சண்டு வத்தல்

‘வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை, போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை’ என்று எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. நான் பி.எட். சேர்ந்த அன்று என் சித்தப்பா அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இப்போது அந்தச் சொலவடையை முதலில் சொன்னவன் எவனாக இருந்தாலும், அவன் ஒரு தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் கணக்கு நடத்தியிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நான் கோவில்பட்டியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் தாளாளருக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கத்து வத்தலில் பாதி அவர் கமிஷன் கடைக்கு வந்துதான் வெளியூர் போகும் என்பார்கள். வத்தலில் வந்த காசில் கட்டிய பள்ளிக்கூடம். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பள்ளிக்கூட வாசலுக்குள் கால் வைத்துவிட்டால் ‘தாளாளர் ஐயா’, டீச்சர்களுக்கு ‘சார்’. பழக்கதோஷத்தில் ஓர் ஆயா ஒருமுறை வராந்தாவில் வைத்து ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டுவிட்டாள். “இது என்ன கடையா?” என்று அவர் போட்ட சத்தத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகள் அழுதுவிட்டன.

எங்கள் ஆசிரியர் அறைச் சுவரில் ‘ஆசிரியர் பணி அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி’ என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறது. ஆசிரியர் தினத்தன்று தாளாளர் அதற்குக் கீழே நின்றுதான் பேசுவார். “மத்தவனுக்கெல்லாம் இது வேலை. உங்களுக்கு இது தவம்” என்பார். பேசி முடித்து ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தருவார். மூடியில் பள்ளியின் பெயர் வெட்டியிருக்கும். காய்ச்சலுக்கு லீவு கேட்டால் தவம். சாயந்தரம் வேன் கிளம்பும்வரை நின்று பிள்ளைகளை ஏற்றிவிடுவது தவம். மே மாதம் கத்திரி வெயிலில் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கு ஆள் பிடிப்பதும் தவம்தான். முனிவர்களுக்குக் கோடை விடுமுறை கிடையாதுபோல.

இவ்வளவு எரிச்சலோடு எழுதுகிறேனே, ஆனாலும் அந்தச் சுவரில் எழுதியிருப்பதை நான் நம்புகிறவள். அதுதான் என் கஷ்டம். நம்பாதவர்களுக்கு இந்தப் பள்ளியில் ஒரு தொந்தரவும் இல்லை. மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அப்படி முடியவில்லை. கரும்பலகையையே வெறித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, திடீரென்று புருவத்தைத் தூக்கி, “ஓ...” என்று தனக்குள் சொல்லிக்கொள்ளும் பாருங்கள், அந்த ஒரு ‘ஓ’வுக்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். அதைக் கேட்ட அன்று சாயந்தரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் எனக்குக் கால் வலிப்பதில்லை.

அப்படி ஒரு மே மாதத் தவத்தில்தான் அந்தத் தாயைப் பார்த்தேன். நாகலாபுரம் தாண்டி ஓர் ஊர். பள்ளி வேன் எங்களை ஊர் முக்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கையில் ஆளுக்கொரு கட்டு நோட்டீஸ். உழுதுபோட்ட கரிசல் காடு கண்ணுக்கெட்டியவரை வெடித்துக் கிடந்தது. ஆட்டுப் பட்டியை ஒட்டிய வீடு. வீட்டுக்காரர் வயல்களில் உரத்துக்குக் கிடை போட ஆடுகளைப் பத்திக்கொண்டு எங்கேயோ போயிருந்தார். அவர் மனைவி நோட்டீஸை வாங்கவேயில்லை.

“ஆடு மேய்க்குத வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீசு என்னத்துக்கு டீச்சர்? எம் பிள்ளை மெதுவாத்தான் படிக்கும். அங்கன வந்து முழிச்சுக்கிட்டு நிக்கும். நீங்களும் திட்டி அனுப்பிருவீய.”

அவர் பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஐந்தாவது முடித்தவள். நான் விளையாட்டாக ஒரு கணக்குக் கேட்டேன். பதில் சொல்லாமல் ரொம்ப நேரம் யோசித்தாள். மற்ற பிள்ளைகளைப்போல வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்கவில்லை. கடைசியில், “தெரியலை. எப்படிப் போடணும்?” என்று என்னையே கேட்டாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

“மெதுவாப் படிச்சாப் படிக்கட்டும்மா. எங்கிட்ட விடுங்க. பத்தாவது முடிக்க வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

“பள்ளிக்கூடத்து நோட்டீசெல்லாம் எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க சொல்லுதீய, அதுக்காகச் சேக்கேன்” என்றார் அந்தத் தாய்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்த வீட்டுப் பட்டியிலிருந்து கிடாய்கள் சந்தைக்குப் போகும். அந்தப் பெண் எங்கள் வேனில் வருவாள்.

அவள் மெதுவாகத்தான் படித்தாள். தாய் பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் மெதுவுக்கு ஒரு காரணம் இருந்தது. புரியாத எதையும் அவள் எழுதமாட்டாள். பக்கத்திலிருப்பவள் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மளமளவென்று இறக்கி வைத்துவிட்டு மார்க் வாங்குவாள். இவள் தாளை வெள்ளையாகவே மடித்துத் தருவாள். ஏழாம் வகுப்பில் சமன்பாடு நடத்தும்போது, எல்லா டீச்சரும் சொல்வதைப்போல நானும், “சமக்குறியைத் தாண்டி அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸ் ஆயிரும்” என்றேன். அவள் எழுந்து நின்றாள்.

“வேலியைத் தாண்டினா ஆடு மாடாயிருமா டீச்சர்?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். எவ்வளவு சரியான கேள்வி! கரும்பலகையில் இரண்டு பட்டி வரைந்தேன். இரண்டிலும் சமமாக ஆடு நிற்கிறது, இந்தப் பட்டியிலிருந்து ஐந்தைத் திறந்துவிட்டால், மறுபடி சமமாவதற்கு அந்தப் பட்டியில் என்ன செய்யணும் என்று கேட்டேன். “அங்கனயும் அஞ்சைத் திறந்து விடணும்” என்றாள். சொன்ன வேகத்திலேயே புருவம் மேலே போனது. “ஓ...” என்றாள். ‘தாண்டினால் மாறும்’ என்று அதற்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது, “போர்ஷன் முடிக்குத வழியைப் பாருங்க டீச்சர்” என்றார்கள்.

ஒன்பதாம் வகுப்பு வந்தது. எங்கள் பள்ளி வாசலில் ஒவ்வோர் ஆண்டும் ‘பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைப்போம். பஸ் ஸ்டாண்டு பக்கமும் ஒன்று நிற்கும். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அந்த நூறு எப்படி வருகிறது என்பது வெளியே தெரியாது. ஒன்பதாவது அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துவிடுவோம். ஆண்டு முடிந்ததும் தாய் தகப்பனை வரச்சொல்லி, “வேற ஸ்கூல்ல போட்டா உங்க பிள்ளை ஈசியா பாஸ் ஆயிரும்” என்று நயமாகச் சொல்லி, அவர்கள் வாயாலேயே டி.சி. கேட்க வைப்போம். ஃபெயிலாகக்கூடிய யாரும் பரீட்சைக்கே உட்காராவிட்டால் நூறு வராமல் எங்கே போகும்? இதை நாங்கள் மட்டும் செய்யவில்லை, செய்யாத தனியார் பள்ளியை நான் பார்த்ததில்லை. ஆனால் மற்ற பள்ளிகளில் இதற்கு இங்கிலீஷில் ஏதாவது கௌரவமான பேர் வைத்திருப்பார்கள். எங்கள் தாளாளர் கடை வார்த்தையையே வைத்திருந்தார்.

களத்தில் வத்தல் காய்ந்ததும் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பொறுக்குவார்கள். வெளுத்தது, சொத்தை, நிறம் கெட்டது எல்லாம் தனியே போகும். அதற்குச் சண்டு என்று பேர். சண்டு வத்தலுக்கு அடிமாட்டு விலைதான். எங்கள் மீட்டிங்கில் தாளாளர் டீயை உறிஞ்சிக்கொண்டே, “நல்ல வத்தலோட சண்டு கலந்துச்சுன்னா மூட்டைக்கே விலை போயிரும். தரம் பிரிச்சிருங்க” என்பார். எந்த நம்பர்ப் பிள்ளை என்று தலைமையாசிரியை வாசிப்பார். அந்த ஆண்டு அவளுடைய நம்பரும் வந்தது.

நான் எழுந்துவிட்டேன். “சார், அந்தப் பிள்ளை என் பேச்சை நம்பி வந்த பிள்ளை” என்றேன்.

“எல்லாப் பிள்ளையும் யார் பேச்சையாவது நம்பித்தானம்மா வருது.”

“அவ மக்கு இல்ல சார். புரிஞ்சாத்தான் எழுதுவா. புரிய வைக்கத்தான நமக்குச் சம்பளம்?”

“தவம்னு சொல்லுங்க டீச்சர், சம்பளம் சம்பளம்னுட்டு.”

எனக்கு நாக்கில் சனி. “சண்டு வத்தலை நாக்குல வச்சுப் பாத்திருக்கீங்களா சார்? அதுவும் உறைக்கத்தான் செய்யும்” என்றேன். தலைமையாசிரியை என் சேலையைப் பிடித்து இழுத்தார். தாளாளர் கோபப்படவில்லை. வியாபாரிக்கு மறுபேச்சு பழக்கம்தானே. சிரித்துக்கொண்டே, “சரி. முழுப் பரீட்சையில உங்க கணக்குல பாதிக்கு மேல எடுத்துட்டாள்னா இங்கனயே பத்தாவது படிக்கட்டும். போதுமா?” என்றார். போதும் என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்ன சொல், மாறமாட்டார் என்று நம்பினேன்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிடுவோம். அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டுகிற வேலை. அதனால் அவளுக்கு நான் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. அவள் வேன் காலையில் முதலாவதாக வந்துவிடும். ப்ரேயருக்கு முன்னால் வேன் ஷெட்டில் உட்கார்ந்து படிப்போம். மதியம் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே படிப்போம். மூடியில் பேர் வெட்டின அந்த டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வட்டம் போடக் கற்றுக்கொடுத்தேன். தாளாளர் கொடுத்ததில் பாடத்துக்கு உதவியது அது ஒன்றுதான்.

அது வத்தல் பருவம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அம்மாவோடு மிளகாய்ப் பழம் எடுக்கப் போய்விடுவாள். திங்கட்கிழமை காலையில் வந்தால் பேனா பிடிக்க முடியாமல் விரல்கள் தகதகவென்று எரியும். “மோரை ஊத்திக் கழுவுனேன் டீச்சர், அப்பயும் காந்துது” என்பாள். தெரியாமல் கண்ணைத் தேய்த்துவிட்டுக் கண்ணீர் கொட்டக் கொட்ட உட்கார்ந்திருப்பாள். நான் எழுதுகிறேன், நீ வாயால் சொல் என்பேன். அப்படித்தான் இயற்கணிதம் முழுவதும் படித்தாள். அவள் சொல்ல நான் எழுதினேன். எந்தக் காலேஜிலும் எனக்குக் கிடைக்காத பாடம் அது. ஒரு பிள்ளையின் மனசுக்குள் கணக்கு எந்த வழியாகப் போகிறது, எங்கே முட்டி நிற்கிறது, எப்படி வளைந்து மறுபடி நடக்கிறது என்று கூடவே போய்ப் பார்த்தேன். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் முழுசாகச் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான் என்று சொல்லிவிடலாம்.

ஒன்பதாவதுக்கு மட்டும் முழுப் பரீட்சையை முன்கூட்டியே வைத்துவிடுவோம். அதில் அவள் பாதியைத் தாண்டிவிட்டாள். நான் திருத்தினால் பேச்சு வரும் என்று வேறு டீச்சரிடம் தாளைக் கொடுத்தேன். அந்த அம்மா கஞ்சத்தனமாக மார்க் போடுகிறவர். அவரே, “ஸ்டெப் ஸ்டெப்பா என்னமா எழுதியிருக்கா!” என்று கொண்டுவந்து காட்டினார். அன்று நான் கடையில் சேவும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கி ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

மறுவாரம் வராந்தாவில் அவள் அம்மா நிற்கிறார். கையில் மஞ்சப்பை. ஆபீசிலிருந்து வரச்சொல்லி போன் வந்ததாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். தாளாளர் தலைமையாசிரியையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“சார், பாதிக்கு மேல எடுத்துட்டா.”

“பாத்தேன் டீச்சர். சந்தோசம். அர்ப்பணிப்புன்னா இதுதான். எல்லா டீச்சரும் உங்களைப் பாத்துக் கத்துக்கிடணும்.”

“அப்பம் இவங்களை எதுக்கு வரச்சொன்னீங்க?”

அவர் நிதானமாகச் சொன்னார்: “அது நீங்க சொல்லிக் கொடுத்து வந்த மார்க்கும்மா. அந்தப் பிள்ளை மார்க்கு இல்ல. பப்ளிக் பரீட்சையில நீங்க பக்கத்துல உக்காருவீங்களா?”

சொல்லிக்கொடுத்து வந்த மார்க். ஒரு பள்ளிக்கூடத்தை நடத்துகிற மனிதர், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். பிறகு எதற்கு ஐயா இந்தக் கட்டடம், இந்த வேன், இந்தக் கரும்பலகை, சுவரில் அந்த எழுத்து? சொல்லிக்கொடுக்காமலே மார்க் வாங்குகிற பிள்ளைக்கு நாங்கள் எதற்கு? இதையெல்லாம் அங்கேயே கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். “ரிஸ்க் எடுக்க முடியாது டீச்சர்” என்ற ஒரே பதில்தான் வந்தது.

அந்தத் தாய் தாளாளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “பத்தாவது முடிக்க வரைக்கும்னு சொன்னீயளே டீச்சர்” என்றார். குரலில் சண்டை இல்லை. நினைவுபடுத்துகிற மாதிரிதான் சொன்னார். நான், “ஆமாம்மா, சொன்னேன்” என்றேன். தாய், டி.சி. மனுவில் தாளாளர் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அன்று பின்மதியம் எனக்கு எட்டாம் வகுப்பு. போய் நடத்தினேன்.

நீ ஏன் அந்த வேலையை விடவில்லை என்று என் கணவர் முதற்கொண்டு எல்லோரும் கேட்டாகிவிட்டது. எங்கே போக? தகுதித் தேர்வு பாஸ் பண்ணிவிட்டு அரசு வேலைக்கு ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கிறேன். வேறு பள்ளிக்குப் போனால் அங்கேயும் இதே களம், இதே பொறுக்கல். கரும்பலகை முன்னால் நிற்கிற நேரத்தை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? இது ஒரு நோய். அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அதற்குத் தவம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

அவளை ஊருக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். புரியாத கணக்கை அவள் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள், நான் பேசி அனுப்புவேன். சில ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போயும் வந்தேன். அடுத்த ஆண்டு மே மாதம் ரிசல்ட் வந்தது. நல்ல மார்க்கில் பாஸ். கணக்கில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பாதிப்பேரைவிட அதிகம். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

எங்கள் பள்ளியும் நூறு சதவீதம். ஃப்ளெக்ஸ் வந்தது. ஃப்ளெக்ஸ் கட்டின மறுநாளே எங்களை வேனில் ஏற்றினார்கள். “அந்த ஊருக்கு நீங்கதான் போகணும் டீச்சர், உங்களுக்குப் பழக்கமான ஊரு” என்றார் தாளாளர். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லையோ, இல்லை ஞாபகம் இருந்துதான் அனுப்பினாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வீட்டைத் தாண்டாமல் ஊருக்குள் போக முடியாது. தாய்தான் முதலில் பார்த்தார். “வாங்க டீச்சர், வெயில்ல நிக்காதீய” என்று உட்காரவைத்துச் செம்பில் மோர் கொடுத்தார். மகள் ப்ளஸ் ஒன் சேரத் தகப்பனோடு போயிருக்கிறாளாம், கணக்குக் குரூப்தான் வேண்டும் என்று நிற்கிறாளாம். நோட்டீஸைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி மகளைக் கையில் பிடித்திருந்தாள். “ஆறாவது சேக்கணும். இந்த டீச்சர் ஸ்கூல்ல போடலாமாக்கா?” என்று அந்தத் தாயிடம் கேட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் மகள் யோசிப்பதைப் போலவே யோசித்தார். பிறகு என்னை வைத்துக்கொண்டே சொன்னார்:

“இவிய தங்கமான டீச்சர். இவிய சொல்லிக் குடுத்தா எங்க ஆட்டுக்குக்கூடக் கணக்கு வரும். ஆனா அங்கன இவிய சொல்லு செல்லாது.”

வசவாக இருந்தால் தாங்கியிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்.

மகளைப் பிடித்திருந்தவள் இப்போது என்னிடமே கேட்டாள். “அப்பம் என்ன செய்ய டீச்சர்?”

கையிலிருந்த நோட்டீஸ் கட்டை என் பைக்குள் வைத்தேன். “பக்கத்து அரசுப் பள்ளியிலயே போடுங்கம்மா. கணக்குல சந்தேகம் வந்துச்சுன்னா எனக்கு போன் போடச் சொல்லுங்க” என்று என் நம்பரைக் கொடுத்தேன். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதையே சொன்னேன்.

சாயந்தரம் தாளாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மற்ற வேன்களில் போனவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பேரைப் பிடித்து வந்திருந்தார்கள். என் முறை வந்தது. அந்த ஊரில் யாரும் சேரவில்லை என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“முன்னெல்லாம் நீங்க போனா ஊரே வருமே டீச்சர். இப்பம் உங்களுக்கு அந்த அர்ப்பணிப்பு குறைஞ்சு போச்சு.”

“ஆமா அண்ணாச்சி” என்றேன்.